வீட்டில் ஒருவர் ஒருசந்தி இருந்தால்

(தவக்காலத்தின் முதல் வாரத்தில், தூத்துக்குடிப் பக்கத்துப் பங்கு ஒன்றில் தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தம்பதியர் கூட்டம் என்றுதான் அறிவித்தோம். ஆனால் பூசைக்கு உட்காருவது போலவே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டீர்கள். பேசுகிறவளுக்கு இது ஒரு வசதி. எந்தப் பக்கம் சிரிக்கிறது, எந்தப் பக்கம் கம்மென்று இருக்கிறது என்று நன்றாகத் தெரியும்.

கல்யாணத்துக்கும் தவக்காலத்துக்கும் ஒட்டாது என்பது நம் மனதில் ஊறிப்போன எண்ணம். ஞாயிறு மறைக்கல்வியில் ஒப்பித்த திருச்சபைக் கட்டளைகளில், விலக்கப்பட்ட காலத்தில் திருமணம் கூடாது என்பதும் ஒன்று. அதனால்தான் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரங்களில் நம் கோயில்களில் கல்யாண ஓலை வாசித்து மாளாது. மண்டபம் கிடைக்காது, சமையல்காரர் கிடைக்கமாட்டார். அவசரமாகத் தாலி கட்டி, விருந்துக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே நெற்றியில் சாம்பல் விழுந்துவிடும். மறுவீட்டுக்கு வந்த மருமகனுக்காக நாட்டுக்கோழி வாங்கி வைத்திருக்கிற மாமியார், காலண்டரைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா!" என்று தலையில் கை வைப்பார். 2018லும் 2024லும் காதலர் தினமான பிப்ரவரி 14ஆம் தேதியே சாம்பல் புதனாக வந்தது. 2029லும் அப்படித்தான் வரப்போகிறது. ரோஜாப்பூவா, சாம்பலா என்று பிள்ளைகள் கேலி பண்ணினார்கள். இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருக்க முடியாது என்றுதான் அவர்களும் நினைக்கிறார்கள்.

ஆனால் சாம்பல் புதன் பூசையில் வாசிக்கிற முதல் வாசகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இறைவாக்கினர் யோவேல் நூலின் இரண்டாம் அதிகாரம். வெட்டுக்கிளி வந்து நாட்டை மொட்டையடித்துவிட்டது. ஊரே நோன்பு இருந்து ஆண்டவரிடம் திரும்ப வேண்டும் என்று யோவேல் கூப்பிடுகிறார். முதியவர்கள் வரட்டும், பால்குடிக்கிற பிள்ளைகளும் வரட்டும் என்கிறார். அதோடு நிற்கவில்லை. மணமகன் தன் அறையைவிட்டும் மணமகள் தன் உள்ளறையைவிட்டும் வெளியே வரட்டும் என்கிறார். இது சாதாரண அழைப்பு இல்லை. புதிதாகக் கல்யாணம் ஆனவனைப் போருக்கு அனுப்பக்கூடாது, ஓராண்டு அவன் வீட்டில் இருந்து மனைவியை மகிழ்ச்சியாக வைத்துக்கொள்ளட்டும் என்று இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரம் விலக்குக் கொடுக்கிறது. போருக்கே போக வேண்டாம் என்று விட்டவர்களை நோன்புக்குக் கூப்பிடுகிறார் யோவேல்.

அதிலும் அவர் இருவரையும் கூப்பிடுகிறார். மாப்பிள்ளை வந்து ஜெபம் பண்ணட்டும், பெண் அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் சொல்லவில்லை.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். கல்யாணம் ஆனவர்களுக்குத் தனித்தவம் என்று ஒன்று கிடையாது. ஒருவர் எடுக்கிற தவத்தின் செலவில் பாதியையாவது மற்றவர்தான் கட்டுகிறார். பேசி, கேட்டு, ஒத்துக்கொண்டு எடுத்தால் அது இருவர் தவம். கேட்காமல் எடுத்தால் ஒருவருக்குப் புண்ணியம், இன்னொருவருக்குக் கூலியில்லாத வேலை.

அடுப்படியிலிருந்து தொடங்குகிறேன். தவக்கால வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நான்கரை மணி. அந்த வீட்டுப் பெண் அப்போதுதான் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறாள். மாமனார் ஒருசந்தி நோன்பு. மத்தியானம் சாப்பிடவில்லை, ஆறு மணிக்குள் அவருக்குச் சுடச்சுடச் சோறு வேண்டும். கணவனுக்குச் சுத்தபோசனம், அதாவது இறைச்சியில்லாத சாப்பாடு, ஆனால் சப்பென்று இருந்தால் இறங்காது. கத்தரிக்காய் புளிக்குழம்பும் அப்பளமும் வேண்டும். மூத்த பிள்ளைக்கு வயது பன்னிரண்டு. சட்டப்படி அவனைக் கட்டுப்படுத்தாது. முட்டை பொரித்துத் தா என்று அடம்பிடிக்கிறான். சின்னவள் சிலுவைப்பாதையில் ஆறாம் தலம் வாசிக்க வேண்டும், வெள்ளைச் சட்டையை இன்னும் தேய்க்கவில்லை. ஐந்தே முக்காலுக்கு முதல் மணி அடிக்கிறது. வீட்டுக்காரர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கோயில் வாசலில் நாலு பேரோடு நின்று பேசிக்கொண்டிருக்கிறார். இவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து உள்ளே நுழையும்போது மூன்றாம் தலம் முடிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்கிறார்: "ஒரு வெள்ளிக்கிழமையாவது நேரத்துக்கு வரமாட்டியா?"

அந்தப் பக்கம் கம்மென்று இருக்கிறது. சரி.

அன்று அந்த வீட்டில் தவம் செய்தது யார்? மாமனார் ஒரு வேளை சாப்பிடவில்லை. கணவர் ஒரு வேளை இறைச்சி சாப்பிடவில்லை. இவளோ காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் காப்பியோடு போனவள். அதைச் சுத்தபோசனம் என்றும் சொல்லமாட்டோம், ஒருசந்தி என்றும் எழுதிக்கொள்ளமாட்டோம்.

திருச்சபை உண்மையில் கேட்பது மிகக் குறைவு. 1966ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளைச் சீரமைத்தார். இன்றைய சட்டப்படி சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே கட்டாய ஒருசந்தி நாட்கள். அதுவும் 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 59 வயது முடிகிறவர்கள் வரைக்கும்தான். ஒரு முழுச் சாப்பாடு உண்டு. காலையிலும் இரவிலும் கொஞ்சம் ஏதாவது எடுத்துக்கொள்ளலாம். இறைச்சி விலக்கு 14 வயதுக்கு மேல். பிள்ளைத்தாய்ச்சிக்கும் பால் கொடுக்கிறவளுக்கும் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவருக்கும் நோயாளிக்கும் யாரும் கெடுபிடி செய்யவில்லை. நம் வீடுகளில் எழுபது வயதுக்காரர் நாற்பது நாளும் ஒருசந்தி இருக்கிறேன் என்கிறார் என்றால் அது அவருடைய பக்தி, மதிக்கிறேன். ஆனால் அந்தப் பக்திக்குத் தனியாக உலை வைப்பது யார் என்பதையும் அவர் யோசிக்க வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு வேடிக்கை உண்டு. வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது, மீன் கூடும். உடனே சீலா மீன் வாங்கி வந்துவிடுகிறோம். ஆட்டுக்கறி விலைக்கு மீன் வாங்கி, மசாலா தடவி, எண்ணெயில் பொரித்து, அதற்குப் பெயர் சுத்தபோசனம். சட்டம் மீறவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மீனைச் செதில் எடுத்து, துண்டு போட்டு, அடுப்பு முன்னால் வெந்தவள் மற்ற நாளைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றிருக்கிறாள். கஞ்சியும் பயற்றந்துவையலும் போதும் என்று வீட்டோடு முடிவு பண்ணினால், மிச்சமாகும் பணம் தவக்கால உண்டியலுக்குப் போகும், மிச்சமாகும் நேரத்தில் அவளும் முதல் தலத்திலேயே முழந்தாளிடுவாள்.

சிலுவைப்பாதையில் ஐந்தாம் தலம் ஞாபகம் இருக்கிறதா? சீரேனே ஊர் சீமோன் ஆண்டவருடைய சிலுவையைச் சுமக்கிறார். அவராக முன்வந்து சுமந்தார் என்று நற்செய்தியில் இல்லை. வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் படைவீரர்கள் பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள். வேலையிலிருந்து வருகிறவளைப் பிடித்து உங்கள் தவத்தைச் சுமக்க வைத்தால் அவள் சீமோன்தான். அப்படியானால் அந்தக் காட்சியில் நீங்கள் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் அல்ல.

இதற்கு ஒரு மறுப்பு வரும். "நோன்பை மறைவாகச் செய் என்றுதானே இயேசு சொன்னார்? மனைவியிடம் போய் அறிவிக்கச் சொல்கிறீர்களே?" சாம்பல் புதன் நற்செய்தி அதுதான், மத்தேயு ஆறாம் அதிகாரம். ஆனால் அவர் யாரிடமிருந்து மறைக்கச் சொன்னார்? தெருவிலிருந்து, கூட்டத்திலிருந்து, புகழ்ச்சியிலிருந்து. சாப்பிட்ட தட்டைக் கழுவுகிறவளிடமிருந்து நோன்பை எப்படி மறைக்க முடியும்? அதே இடத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். நோன்பு நாளில் முகத்தைக் கழுவி, தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு இரு, வாடிப்போன முகத்தோடு திரியாதே என்கிறார். பசியில் எரிந்து விழுகிற ஒவ்வொரு கணவனுக்கும் மனைவிக்கும் சொன்னது அது. வெளியே காட்டாத நோன்பை வீட்டில் சிடுசிடுப்பாகக் காட்டினால் அது மறைவு ஆகாது.

சரி, பேசி முடிவு செய்வது எப்படி? அதற்கு வேதத்திலேயே ஒரு வழி இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், ஏழாம் அதிகாரம். சின்னப் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், வெளிப்படையாகவே சொல்கிறேன். கொரிந்து நகரில் சிலர், கல்யாணம் ஆனவர்களும் படுக்கையை விட்டுவிட்டால்தான் பக்தி என்று கிளம்பினார்கள். பவுல் அதை ஏற்கவில்லை. மனைவியின் உடல்மேல் கணவனுக்கு உரிமை உண்டு என்றார். இந்தப் பாதியை நம் ஆண்கள் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். கணவனின் உடல்மேல் மனைவிக்கு உரிமை உண்டு என்பதையும் அவர் அதே வசனத்தில்தான் எழுதினார். அதுவும் அந்தக் காலத்தில். பிறகு சொல்கிறார்: விலகியிருப்பதானால் இருவரும் ஒத்துக்கொண்டு விலகியிருங்கள். கொஞ்ச காலத்துக்கு மட்டும். அதுவும் ஜெபத்துக்காக. அதன்பின் மறுபடியும் சேர்ந்துகொள்ளுங்கள்.

பின்னால் வந்த காலத்தில் நிலைமை மாறியது. ஐரோப்பாவில் இடைக்காலத்தின் முற்பகுதியில் எழுதப்பட்ட பாவப்பரிகார நூல்கள், தவக்காலம் முழுவதும் கணவன் மனைவி சேரக்கூடாது என்று விதித்தன. மீறினால் பரிகாரமும் சொன்னன. இன்று திருச்சபையில் அப்படி ஒரு கட்டளை இல்லை. இருந்தாலும் நம் பெரியவர்களிடம் அந்த வாசனை இன்னும் இருக்கிறது. ஒரு புதுப்பெண் என்னிடம் கேட்டாள்: "டீச்சர், அவங்க தவக்காலம்னு சொல்லித் திண்ணையில போய்ப் படுத்துக்கிடுதாங்க. நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா?" அவன் கெட்டவன் இல்லை, நல்ல பக்தியான பையன். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுடைய தவம் அவளுக்குத் தண்டனையாகப் போய்விட்டது. அவர்கள் பிறகு பேசிக்கொண்டார்கள், பெரிய வெள்ளியோடு வருகிற வாரத்தை மட்டும் அப்படி வைத்துக்கொண்டார்கள்.

பவுல் சொன்ன நாலு நிபந்தனையைப் பாருங்கள். இருவர் சம்மதம், குறிப்பிட்ட காலம், கடவுளுக்காக என்ற நோக்கம், முடிந்ததும் மறுபடி சேர்தல். படுக்கைக்கு அவர் வைத்த இந்த அளவுகோலை நான் அடுப்படிக்கும் பணப்பைக்கும் பயணத்துக்கும் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறீர்களா? போங்கள், மாதா காப்பாற்றட்டும். ஆனால் போகிற நாளில் பிள்ளைக்குப் பரீட்சையா, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இருக்கிறதா, திரும்பி வந்து கால் வீங்கிக் கிடக்கும்போது யார் வெந்நீர் வைப்பது என்பதெல்லாம் வீட்டில் பேசி முடித்த பிறகு போங்கள்.

அடுத்து பணம். தானத்தைப் பற்றிப் பேசினால் தோபித்து நூலை விட்டுவிட முடியாது. பிற சபைச் சகோதரர்கள் பலரின் பைபிளில் இந்த நூல் இருக்காது. நம் திருவிவிலியத்தில் இணைத்திருமுறைப் பகுதியில் இருக்கிறது. ஜெபம், நோன்பு, தானம் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிற இடம் அந்த நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில்தான் வருகிறது. இரபேல் வானதூதர் சொல்கிறார். நம் தவக்காலத்தின் மூன்று தூண்களும் அவைதானே?

அந்த நூலின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு சண்டை வருகிறது. புருஷன் பெண்டாட்டிச் சண்டை.

தோபித்து நினிவே நகருக்கு நாடுகடத்தப்பட்ட நல்ல மனிதர். பசித்தவனுக்குச் சோறு போடுவார். தெருவில் கிடக்கிற பிணத்தை எடுத்து, உயிரைப் பணயம் வைத்து அடக்கம் பண்ணுவார். அப்படி ஒரு நாள் அடக்கம் பண்ணிவிட்டு வந்து சுவரோரம் படுத்திருந்தபோது, குருவிகளின் எச்சம் கண்ணில் விழுந்து பார்வை போய்விட்டது. சம்பாத்தியம் நின்றது. அவர் மனைவி அன்னா துணி நெய்து கொடுத்துக் கூலி வாங்கிக் குடும்பத்தை ஓட்டினாள். ஒரு நாள் நெய்து முடித்த துணியை முதலாளி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர்கள் முழுக்கூலியும் கொடுத்து, சாப்பாட்டுக்கு வைத்துக்கொள் என்று ஒரு ஆட்டுக்குட்டியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வீட்டுக்குள் குட்டி கத்துகிற சத்தம் தோபித்துக்குக் கேட்டது. "இது எங்கிருந்து வந்தது? திருட்டு ஆடா? கொண்டுபோய்த் திருப்பிக் கொடு" என்றார். கூலிக்கு மேல் அவர்களாகக் கொடுத்தது என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் நம்பவில்லை. அவள் செய்த காரியத்துக்காகத் தனக்கு வெட்கம் என்று முகம் சிவந்தார்.

அப்போது அன்னா திருப்பிக் கேட்டாள். நீங்கள் செய்த தானதர்மம் எல்லாம் எங்கே போயிற்று, உங்கள் நல்ல செயல்கள் எங்கே என்று கேட்டாள். உங்கள் லட்சணம் இப்போது தெரிந்துபோயிற்று என்கிற மாதிரி ஒரு வார்த்தையும் விட்டாள்.

இந்தச் சண்டையை எத்தனை வீட்டில் பார்க்கிறோம்! ஊருக்கெல்லாம் நல்லவர், கூலிக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்குகிற மனைவியை நம்பமாட்டார். ஊரில் நூறு பேருக்குச் செய்த தர்மத்தை விட, வீட்டில் ஒருத்திக்குக் கொடுக்க வேண்டிய நம்பிக்கை அவருக்குப் பெரிய தொகையாகத் தெரிகிறது. அந்த நம்பிக்கையும் ஒரு தானம்தான். அன்னாவுக்கு அன்று அது கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு தோபித்து அழுகிறார், சாவு வரட்டும் என்று ஜெபிக்கிறார். மனைவியிடம் மன்னிப்புக் கேட்டதாக நூலில் இல்லை. ஆனால் நாலாம் அதிகாரத்தில், மகன் தோபியாவைக் கூப்பிட்டுப் புத்திமதி சொல்லும்போது தொடக்கத்திலேயே பேசுவது அன்னாவைப் பற்றித்தான். உன் தாயை மதித்து நட, உன்னை வயிற்றில் சுமந்தபோது அவள் எத்தனை ஆபத்தைத் தாங்கினாள் என்பதை மறக்காதே, அவள் இறந்தால் என் பக்கத்திலேயே ஒரே கல்லறையில் வை என்கிறார். தானதர்மம் செய் என்ற புத்திமதி இதற்கு அப்புறம்தான் வருகிறது. அந்த வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவள், பிறகு தானம்.

சண்டை அதோடு தீர்ந்துவிடவும் இல்லை. மகன் ஊருக்குப் போய்த் திரும்பி வரத் தாமதமானபோது அன்னா, பிள்ளை செத்துப்போய்விட்டான் என்று அழுகிறாள். சும்மா இரு, அவன் நன்றாக இருக்கிறான் என்கிறார் இவர். நீங்கள் சும்மா இருங்கள், என்னை ஏமாற்றாதீர்கள் என்கிறாள் அவள். தினமும் போய் வழியைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறாள். கடைசியில் மகன் வருவதை முதலில் பார்ப்பதும் கண் தெரியாத கணவனிடம் வந்து சொல்வதும் அவள்தான். பரிசுத்த வேதத்தில் இடம்பெற்ற தம்பதியே இப்படிப் பேசிக்கொண்டுதான் காலம் தள்ளியிருக்கிறார்கள். ஆகவே தவக்காலத்தில் சண்டை வந்துவிட்டதே, எல்லாம் வீணாகிவிட்டதே என்று யாரும் மருக வேண்டாம்.

பணத்தில் இன்னும் ஒரு வார்த்தை. நேர்ச்சை அசனம் போட மனைவியின் வளையலை அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்தால், அந்தச் சோறு அவளுடைய தானம், உங்களுடையது இல்லை. அதே மாதிரி, கணவன் அனுப்புகிற பணத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் ஜெபக்கூட்டக்காரருக்குக் கொடுக்கிற பெண்களும் இருக்கிறார்கள். இந்தப் பக்கமும் இப்போது கம்மென்று ஆகிவிட்டது!

இனி குடி. நம் பகுதியில் தவக்காலத்தில் பல ஆண்கள் குடியை விடுகிறார்கள். உண்மையிலேயே நல்ல காரியம். கடலுக்குப் போய் வந்த களைப்பிலும் கடைப்பக்கம் திரும்பாமல் வீட்டுக்கு வருகிறவர்களைப் பார்க்கிறேன். ஆனால் ஈஸ்டர் பூசை முடிந்து விடியுமுன்னே பாட்டில் திறந்தாகிவிடுகிறது. ஒரு பெண் சொன்னாள்: "மாதாவுக்குன்னு நாப்பது நாளு விடுதாவ டீச்சர். எனக்குன்னு நாலு நாளு விடச் சொன்னா முடியாதுங்காவ." இதற்கு மேல் ஒரு பிரசங்கம் கிடையாது. நாற்பது நாள் விட முடிகிறவருக்கு நாற்பத்தோராம் நாளும் விட முடியும் என்பதை அவர் தன்னை அறியாமலே அவளுக்கு நிரூபித்துக் காட்டிவிட்டார். பவுல் சொன்ன கொஞ்ச காலம் என்ற நிபந்தனை, கணவனும் மனைவியும் திரும்பச் சேர்வதற்குத்தான். பாட்டிலோடு திரும்பச் சேர்வதற்கு இல்லை. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷமாகத் தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வைராக்கியத்தை மட்டும் நம்பாமல் டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் பல ஊர்களில் கோயில் வளாகங்களிலேயே கூடுகின்றன. அங்கே போவதும் தவம்தான்.

இப்போது கொஞ்சம் கனமான விஷயம். சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை எசாயா நூலின் 58ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. நாங்கள் நோன்பு இருக்கிறோமே, நீர் ஏன் பார்க்கவில்லை என்று மக்கள் கடவுளிடம் கேட்கிறார்கள். நீங்கள் நோன்பு இருந்துகொண்டே சண்டை போடுகிறீர்கள், முட்டியால் குத்துகிறீர்கள், அதனால்தான் என்று பதில் வருகிறது. பசித்தவனோடு உணவைப் பகிர், ஆடையில்லாதவனுக்கு உடுத்து, உன் சொந்த இரத்தத்துக்கு முகத்தை மறைக்காதே என்று போகிறது அந்த வாசகம்.

குத்துவிடுகிற கை என்று எசாயா சொன்னதை நான் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அடிவாங்குகிற பெண்ணிடம் போய், "இது உன் சிலுவை, தவக்காலத்தில் ஆண்டவருக்கு ஒப்புக்கொடு" என்று சொல்கிற வழக்கம் நம்மிடையே இருக்கிறது. மாமியார் சொல்வார், அம்மா சொல்வாள், சில நேரம் கோயிலிலும் சொல்வார்கள். அது தவறு. 2016இல் வெளிவந்த 'அன்பின் மகிழ்வு' என்ற திருத்தூது ஊக்கவுரையில் திருத்தந்தை பிரான்சிஸ், பெண்ணை அடிப்பதை ஆண்மை என்று ஏற்கவில்லை, கோழைத்தனம் என்றே கண்டித்தார். துணைவருடைய உடலுக்கோ மனதுக்கோ பெரிய ஆபத்து என்றால் பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டத்தின் 1153ஆம் எண் வழிவிடுகிறது. நாட்டில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 181 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் உதவி கிடைக்கும். இந்த எண்ணைப் பெண்கள் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காகவாவது குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் விரும்பிச் சுமந்த சிலுவையையும் ஒருவன் இன்னொருத்தி முதுகில் அறைகிற கட்டையையும் ஒன்றாக்கக் கூடாது.

மற்றபடி தினசரி வருகிற சின்னச் சண்டைகளுக்கு, அதே ஊக்கவுரையில் திருத்தந்தை மூன்று சொற்களைச் சொன்னார்: 'தயவுசெய்து', 'நன்றி', 'மன்னித்துக்கொள்.' நம் வீட்டுப் பேச்சில் இந்த மூன்றும் வாயில் வராது. வெட்கமாக இருக்கும். ஆனால் நமக்கென்று ஒரு பாஷை இருக்கிறது. சண்டை போட்ட ராத்திரி, "காப்பி போடவா?" என்று ஒருவர் கேட்டால் அதுதான் மன்னிப்பு. "ம்" என்று மற்றவர் சொன்னால் அதுதான் பாவமன்னிப்பு ஆசீர். அந்த 'ம்'மைச் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொள்ளாதீர்கள். பொழுது சாயும் முன் கோபம் தணியட்டும் என்பது எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் அறிவுரை.

கடைசியாக இன்னொரு தம்பதி. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை குருத்து ஞாயிறன்று மத்தேயு எழுதிய பாடுகளின் வரலாறு வாசிப்போம். பிலாத்து நீதி இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போது அவன் மனைவி ஆள் அனுப்புகிறாள். அந்த நேர்மையானவர் வழக்கில் நீங்கள் தலையிட வேண்டாம், அவரால் இன்று கனவில் மிகவும் துன்பப்பட்டேன் என்று சொல்லி அனுப்புகிறாள். நாலு நற்செய்தியில் மத்தேயு மட்டுமே சொல்கிற செய்தி இது. பெயர்கூடச் சொல்லவில்லை, பிற்கால மரபுதான் கிளவுதியா புரோக்குலா என்று பெயர் வைத்தது. கீழைத் திருச்சபைகள் சிலவற்றில் அவளைப் புனிதையாகவே வணங்குகிறார்கள். அன்று எருசலேமில் அதிகாரத்தின் பக்கத்திலிருந்தே இயேசுவுக்காக எழுந்த குரல் ஒரு மனைவியுடைய குரல். கணவன் கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கையைக் கழுவினான்.

வீட்டுக்காரி சொல்கிறாள் என்றால் பொம்பளைப் பேச்சு என்று தள்ளுகிறவர்கள், பிலாத்து எந்த வரிசையில் நிற்கிறான் என்று பார்க்க வேண்டும். நாற்பது நாளும் கடவுள் நம்மோடு பேச வேண்டும் என்று ஜெபிக்கிறோம். அவர் பேசுவதற்கு மிகப் பக்கத்தில் இருக்கிற வாய் எது?

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கினபிறகு, டிவியையும் போனையும் அணைத்துவிட்டு, இருவரும் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நான் எடுத்திருக்கிற தவத்தில் உனக்கு என்ன சுமை விழுகிறது? எதை நாம் சேர்ந்து செய்யலாம்? ஈஸ்டருக்கு அப்புறமும் நான் எதை விட்டே இருந்தால் உனக்கு நிம்மதி? பதில் கேட்கும்போது இடைமறிக்காதீர்கள். கேட்டபிறகு உங்கள் பட்டியலைத் திருத்துங்கள். வெள்ளிக்கிழமை கஞ்சியை ஆண் வைக்கட்டும். உப்புக் கூடினால் அதுவும் அன்றைய பரித்தியாகத்தில் சேரும். உண்டியலில் இருவர் கையாலும் காசு விழட்டும். சிலுவைப்பாதைக்கு ஒன்றாகக் கிளம்புங்கள். இருவரில் ஒருவர் வேறு மதத்தவராக இருந்தால் அவரை இழுக்க வேண்டாம். அவருக்கும் கேள்வியைக் கேளுங்கள், அது போதும்.

தவக்காலம் எப்படிப் போகிறது என்று யாராவது கோயில் வாசலில் உங்களைக் கேட்டால், நீங்கள் பதில் சொல்லாதீர்கள். கூட வந்திருக்கிறவரைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்கிறதுதான் கணக்கு.